இருகை ஃபோம் வாள்: கால்தான் கேடயம்

இரண்டு கையாலும் வாளைப் பிடித்தவருக்குக் கேடயம் ஏந்தக் கை மிச்சம் இல்லை. எதிராளியின் வெட்டு வரும்போது பின்னால் பதுங்க எதுவும் கிடையாது, நகர்ந்தாக வேண்டும். அதனால் இந்த அத்தியாயம் வெட்டுக்கு முன்னால் நடையைச் சொல்லித்தருகிறது. உள்ளே நுழைவதற்கு முன்பே வெளியே வரும் வழியைத் தீர்மானிக்கப் பழக்குகிறது. படிகளை வரிசை மாற்றாமல் செய்தால், சொந்தமாக ஒரு வாள் செய்து, சோதித்து, எட்டு வாரத்தில் ஒரு நண்பரோடு காயமில்லாமல் மோதலாம்.

விளையாட்டு, நான்கு வரியில்

ஃபோம் சுற்றிய ஆயுதங்களோடு நிஜ வேகத்தில், அளவான பலத்தில் மோதுவதே இந்த விளையாட்டு. அமெரிக்காவில் 1977-இல் தொடங்கிய டாகோர்ஹிர் இதன் பழைய வடிவங்களில் ஒன்று. ஜப்பானில் 1970-களின் தொடக்கத்தில் டெட்சுண்டோ டனாபே உருவாக்கிய ஸ்போர்ட்ஸ் சான்பராவில் 60 செ.மீ. குறுவாளும் 100 செ.மீ. நெடுவாளும் உண்டு. இரண்டிலும் சரியாகப் பட்டதா, இல்லையா என்பதே கேள்வி. தேவைக்கு மேல் பலமாகப் பட்டதற்குப் பரிசு இல்லை.

நமக்கு இது புதிதல்ல. சிலம்பத்தில் கம்பு எதிராளியின் உடலைத் தொட்டால் புள்ளி. கம்பு நுனியில் ஒட்டும் பொடியைப் பூசிக்கொண்டு ஆடி, உடம்பில் விழுந்த தடத்தை எண்ணி வெற்றியைத் தீர்மானிக்கும் வழக்கமும் உண்டு. உங்கள் ஊரில் சிலம்ப ஆசான் இருந்தால் முதலில் அவரிடம் போய்க் காலடி வரிசையைக் கற்றுக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தில் பாதியை அவரே சொல்லிக்கொடுத்துவிடுவார்.

## 1. வாள் செய்தல்

விருத்தாசலத்தில் இருப்பவர்களுக்குப் பொருள் தேடுவது சுலபம். பீங்கான் ஃபியூஸ் கட்டையும் கொலு பொம்மையும் செய்து, உடையாமல் வெளியூருக்கு அனுப்பும் ஊர் இது. செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தால் பாக்கிங் ஃபோம் கிடைக்கும். ஆனால் அந்த வெள்ளை ஃபோமை மட்டும் நம்பி வாள் செய்யாதீர்கள். சில நாள் அடியிலேயே நசுங்கித் தட்டையாகிவிடும். வெளிச்சுற்றுக்கு மட்டும் அது உதவும்.

வாங்க வேண்டியவை

- பிரம்பு: ஒரு இஞ்சுத் தடிமன், 115 செ.மீ. நீளம். சிலம்பக் கம்பு விற்கும் இடத்தில் கிடைக்கும்.
- ஏசி குழாயின் மேல் போடும் கறுப்பு ஃபோம் குழாய்: உள்விட்டம் 28 மி.மீ., சுவர்க்கனம் 19 மி.மீ. ஏசி உதிரிபாகக் கடையில் கேளுங்கள். ஒரு முழு நீளம் போதும்.
- 6 மி.மீ. யோகா பாய் ஒன்று.
- நாற்காலிக் காலுக்குப் போடும் ரப்பர் புஷ் இரண்டு, ஒரு இஞ்சு அளவில்.
- செருப்புக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசை, துணி டேப், ஒரு மீட்டர் பருத்தித் துணி.

ஏன் பிரம்பு? மூங்கில் பிளந்தால் ஊசிபோன்ற சிராய் நீட்டும்; அது ஃபோமைத் துளைத்து வெளியே வரும். பிவிசி பைப் இந்த நீளத்துக்கு அதிகமாக வளையும். பழசானால் திடீரென முறியும். பிரம்பு கெட்டுப்போகும்போது நார்நாராகப் பிரிந்து முன்கூட்டியே எச்சரிக்கும்.

படிகள்

1. பிரம்பின் கணுக்களை உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். முழு நீளத்துக்கும் துணி டேப்பை ஒரு சுற்று சுற்றுங்கள்.
2. இரு முனைகளிலும் ரப்பர் புஷ்ஷைப் பசை தடவி மாட்டுங்கள். வாள் முனை ஃபோமைப் பிரம்பு துளைத்து வராமல் காப்பது இந்தச் சின்னப் பொருள்தான். இதை விட்டுவிடாதீர்கள்.
3. ஒரு முனையிலிருந்து 34 செ.மீ. அளந்து கோடு போடுங்கள். இது கைப்பிடி. மீதி 81 செ.மீ. அலகு.
4. ஃபோம் குழாயை 86 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, கோடு வரை இறக்குங்கள். மறுமுனையில் அது பிரம்பைத் தாண்டி 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்.
5. அந்த 5 செ.மீ. பொந்தை யோகா பாயிலிருந்து வெட்டிய வட்டத் துண்டுகளால், ஒவ்வொன்றுக்கும் பசை தடவி, இறுக்கமாக நிரப்புங்கள்.
6. குழாயின்மேல் யோகா பாயை ஒரு சுற்று சுற்றி ஒட்டுங்கள். இப்போது பிரம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2.5 செ.மீ. ஃபோம் இருக்கிறது. முனைக்கு மேல் ஒரு மூடி வட்டம் ஒட்டுங்கள்.
7. கைப்பிடியின் அடிமுனையிலும் 2 செ.மீ. கனத்துக்கு ஃபோம் ஒட்டுங்கள். நெருக்கத்தில் இந்த முனையும் எதிராளியின் முகத்துப் பக்கம் வரும்.
8. பருத்தித் துணியில் உறை தைத்துப் போடுங்கள். அலகின்மேல் பிளாஸ்டிக் டேப்பைச் சுற்றாதீர்கள். தோலில் பட்டால் சுரீரென்று எரியும், ஃபோமும் இறுகிப்போகும்.

எல்லாம் சேர்த்து வாளின் நீளம் சுமார் 122 செ.மீ., அதாவது நான்கடி. எடையை மளிகைக்கடைத் தராசில் போட்டுப் பாருங்கள். முதல் வாள் 700 கிராமைத் தாண்ட வேண்டாம்.

> குறிப்பு: கைப்பிடிக்கு மேல் குறுக்குக்கட்டை வைக்காதீர்கள். பார்க்க அழகு, விரலுக்கு ஆபத்து. உறைக்குப் பளிச்சென்ற மஞ்சளோ சிவப்போ தேர்ந்தெடுங்கள். தெருவில் எடுத்துப்போகும்போது யாரும் அதை நிஜ அரிவாள் என்று மிரண்டுவிடக் கூடாது. பையில் போட்டே கொண்டுபோங்கள்.

> எச்சரிக்கை: ரப்பர் பசையை மூடிய அறையில் பயன்படுத்தாதீர்கள், நெருப்புப் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். ஒட்டிய வாளை ஒரு நாள் முழுக்கக் காற்றாடவிட்ட பிறகே எடுங்கள்.

## 2. வாளைச் சோதித்தல்

ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் இந்த நான்கையும் செய்யுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

1. கட்டைவிரல் சோதனை. முனையைக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். பிரம்பு தட்டுப்பட்டால் அன்று அந்த வாளுக்கு ஓய்வு.
2. சுவர் சோதனை. சுவரில் இருபது முறை குத்துங்கள். முனை ஆடினாலோ உள்ளே கடகடவென்று சத்தம் வந்தாலோ பிரித்து ஒட்டுங்கள்.
3. தொடைச் சோதனை. சண்டையில் வெட்டும் அதே பலத்தில் உங்கள் தொடையில் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். உங்களால் பொறுக்க முடியாததை எதிராளிமேல் போடக் கூடாது.
4. வளைவுச் சோதனை. முனையைத் தரையில் ஊன்றி மெல்ல அழுத்துங்கள். ஓரிடத்தில் மட்டும் மடங்கினால் உள்ளே பிரம்பு உடைந்திருக்கிறது.

முனையின் அகலம் எப்போதும் 6 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கண்குழிக்குள் நுழைய முடியாத அகலம் அது.

## 3. காப்பு

இருகை வாளில் முதலில் அடிபடுவது விரல்தான், தலை அதற்குப் பிறகு. செலவு செய்வதற்கும் அதே வரிசை பொருந்தும்.

- கை: கிரிக்கெட் பேட்டிங் கிளவுஸ், இரண்டு கைக்கும்.
- தலை: முகக் கம்பி உள்ள கிரிக்கெட் ஹெல்மெட். தலையை யாரும் குறிவைக்கப்போவதில்லை என்றாலும் போடுங்கள். தோளுக்கு வந்த வெட்டு, நீங்கள் குனிந்தால் காதில் விழும்.
- இடுப்பு: ஆண்கள் கிரிக்கெட் கார்டு போட வேண்டும். பெண்களுக்கு மார்புக்காப்பும் தேவை.
- கழுத்து: குத்து பழகத் தொடங்கியதும் கழுத்தைச் சுற்றி ஒரு கெட்டியான ஃபோம் பட்டை அவசியம்.
- கால்: ஷூ. வெறுங்காலில் ஆடும் சிலம்பப் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். எதிராளியின் ஷூ உங்கள் கால்மேல் ஏறும்.

கண்ணாடி அணிபவர்கள் பின்னால் கட்டும் பட்டையோடு, உடையாத வில்லை உள்ளதை அணியுங்கள். மோதிரம், செயின், கம்மல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவையுங்கள்.

## 4. இடமும் நேரமும்

பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம் கொண்ட சமமான மண்தரை போதும். பள்ளி மைதானம் என்றால் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குங்கள். விருத்தாசலத்தில் காய்ந்து கிடக்கும் மணிமுத்தாற்று மணலில் நடைப்பயிற்சி செய்யலாம், கால் நன்றாகப் பலப்படும். ஆனால் மோதல் அங்கே வேண்டாம். மணலில் புதைந்த கால் திரும்பாது, முட்டிதான் திரும்பும்.

தரையை நடந்து பார்த்த பிறகே பயிற்சியைத் தொடங்குங்கள். தொழிற்பேட்டையை ஒட்டிய காலி மனைகளில் உடைந்த பீங்கான் சில்லு மண்ணுக்குள் கிடக்கலாம். விழுந்து உள்ளங்கையை ஊன்றினால் ஆழமாகக் கிழிக்கும். வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடி மைதானத்தை ஒருமுறை கடந்துவிடுங்கள்.

வெயில் காலத்தில் காலை ஆறிலிருந்து ஏழரை, அல்லது மாலை ஐந்துக்கு மேல். ஹெல்மெட்டுக்குள் சூடு சீக்கிரம் ஏறும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றி, உப்புப் போட்ட மோரோ தண்ணீரோ குடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை வழுக்கும். உறை நனைந்தால் வாளின் எடை கூடும். நனைந்த வாளால் யாரையும் வெட்டாதீர்கள். உறையைக் கழற்றி நிழலில் உலர்த்துங்கள்.

## 5. பிடி

1. வலது கை, அலகு தொடங்கும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே.
2. இடது கை, கைப்பிடியின் அடிமுனையில். இரண்டு கைக்கும் நடுவில் ஒரு முஷ்டி இடைவெளி வேண்டும்.
3. சுண்டுவிரலும் மோதிரவிரலும் இறுக்கமாக, ஆள்காட்டி விரல் தளர்வாக.
4. வெட்டு போய்ச்சேரும் கணத்தில் மட்டும் இரண்டு கைகளையும் ஈரத் துணியைப் பிழிவதுபோல உள்நோக்கித் திருகுங்கள். வாள் பட்ட இடத்தில் நின்றுவிடும்; எதிராளியைத் தள்ளிக்கொண்டு போகாது.

வலது கை வழிகாட்டும், இடது கை இழுக்கும். வலக்கையால் தள்ளியும் அதே நேரத்தில் இடக்கையால் வயிற்றுப் பக்கம் இழுத்தும் வெட்டினால் குறைந்த பலத்தில் அதிக வேகம் வரும். வலது தோள் வலிக்கிறதா? இடது கை சும்மா இருக்கிறது என்று பொருள்.

இடக்கைக்காரர்கள் இங்கே சொல்வதையெல்லாம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

## 6. நிலையும் நடையும்

முதல் இரண்டு வாரம் இந்தப் பகுதி மட்டும்தான். வாள் கையில் இருக்கட்டும், வெட்ட வேண்டாம்.

நிலை

இடது கால் முன்னே, வலது கால் தோள் அகலத்துக்குப் பின்னே, சற்று வெளியே திரும்பி. முட்டிகள் லேசாக மடிந்திருக்கட்டும். எடை இரண்டு காலிலும் பாதிப் பாதி. வாள் வலத்தோளுக்கு மேல், முனை பின்னோக்கிச் சாய்ந்து. இதைத் தோள்நிலை என்று வைத்துக்கொள்வோம். வாளை இடுப்புக்கு முன்னால் கொண்டுவந்து முனையை எதிராளியின் மார்புக்கு நேரே நீட்டினால் நடுநிலை. தோள்நிலை வெட்ட வசதி. நடுநிலை எதிராளியை நெருங்கவிடாமல் வைக்க வசதி. தொடக்கத்தில் இந்த இரண்டு போதும்.

நான்கு நடை

1. ஒட்டு நடை: முன்கால் அரை எட்டு முன்னே, பின்கால் அதே அளவு பின்தொடரும். கால்கள் சேரக் கூடாது.
2. கடப்பு நடை: பின்கால் முன்காலைத் தாண்டி முன்னே வரும். பெரிய வெட்டு இதோடுதான் போகும்.
3. சாய்வு நடை: வலப்பக்கமாகவோ இடப்பக்கமாகவோ 45 பாகையில் விலகுவது. நேர்க்கோட்டில் வரும் எதிராளியிடமிருந்து தப்ப இதுவே வழி.
4. கால் வாங்குதல்: முன்காலைச் சட்டென்று பின்காலுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொள்வது. மேலுடம்பு அசையாது.

தினப் பயிற்சி: தரையில் கூட்டல் குறிபோல இரண்டு கோடுகளும் அவற்றுக்கு நடுவே மூலைக்கோடுகளும் சுண்ணாம்பால் போடுங்கள். நண்பர் திசையைச் சொல்ல, நீங்கள் நகர வேண்டும். மூன்று நிமிடம் நகர்வு, ஒரு நிமிடம் ஓய்வு, ஐந்து சுற்று. குதிகால் தரையில் பலமாக விழும் சத்தம் கேட்கக் கூடாது.

## 7. ஐந்து தாக்குதல்

1. வலத்தோள் வெட்டு: தோள்நிலையிலிருந்து எதிராளியின் இடத்தோளுக்குச் சாய்வாக. வாள் முதலில் கிளம்பும், வலது கால் அதன் பின்னால் கடக்கும்.
2. இடத்தோள் வெட்டு: மறுபக்கத்திலிருந்து அதே சாய்வு.
3. வல இடுப்பு வெட்டு: கிடைமட்டமாக, உங்கள் வலப்பக்கத்திலிருந்து.
4. இட இடுப்பு வெட்டு: அதன் எதிர்ப்பக்கம்.
5. குத்து: நடுநிலையிலிருந்து வயிற்றுக்கு. கையை முழுதாக நீட்டிப் பூட்டாதீர்கள். முழங்கையில் சிறு மடிப்பு இருக்கட்டும். அந்த மடிப்புதான் எதிராளி ஓடிவந்து முனையில் மோதும்போது உள்வாங்கிக்கொள்ளும்.

வாளுக்கு முன்னால் கால் கிளம்புவது மிகச் சாதாரணமான பிழை. கால் முதலில் போனால், ஆயுதம் இன்னும் தோளில் இருக்கும்போதே உடம்பு எதிராளியின் வாள் எட்டும் தூரத்துக்குள் நுழைந்துவிடும். அவருக்கு அது இலவசப் புள்ளி. சுவரில் ஒரு துணியைத் தொங்கவிட்டுப் பழகுங்கள்: துணியில் வாள் படும் சத்தமும் காலடிச் சத்தமும் ஒன்றாகக் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு வெட்டுக்கும் வால் உண்டு. வெட்டியதும் ஓர் எட்டு சாய்வாகப் பின்வாங்கி, நடுநிலைக்கு வந்த பிறகே அந்த வெட்டு முடிந்ததாகக் கணக்கு. பின்வாங்காத வெட்டைப் பயிற்சியில் எண்ணாதீர்கள்.

> சிலம்பம் கற்றவர்களுக்கு: உங்கள் காலடி பெரிய சொத்து, உங்கள் சுற்று இங்கே சுமை. கம்பைச் சுழற்றிக்கொண்டே நெருங்கும் பழக்கத்தால், வாள் முதுகுப் பக்கம் போகும் கணத்தில் மார்பு திறந்துவிடும். கம்பில் கையை எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம். இங்கே இருப்பது 34 செ.மீ. கைப்பிடி மட்டுமே. ஒரே வெட்டு, உடனே விலகல் என்று பழகுங்கள்.

## 8. தூரம்

மூன்று தூரம் உண்டு.

- எட்டாத் தூரம்: ஓர் எட்டு வைத்தாலும் வாள் படாது. பேச்சும் யோசனையும் இங்கே.
- ஓரெட்டுத் தூரம்: ஓர் எட்டு வைத்தால் படும். இருகை வாளின் வீடு இது. இங்கே நிற்கும்போது யோசிக்கக் கூடாது. வெட்ட வேண்டும், அல்லது விலக வேண்டும்.
- கைத்தூரம்: நின்ற இடத்திலேயே எட்டும். நீளமான உங்கள் வாள் இங்கே சிக்கிக்கொள்ளும். குறுவாள்காரருக்கு இதுதான் சொர்க்கம்.

கால் கணக்கு. எதிராளி உங்கள் முன்காலைக் குறிவைத்தால் பயப்படாதீர்கள். வாள் தோள் மட்டத்தில் நீட்டப்படும்போதுதான் அதிக தூரம் எட்டும். கீழே சாய்க்கச் சாய்க்க எட்டும் தூரம் குறையும். ஆகவே உங்கள் காலைத் தொட வருபவர் தன் தோளையும் கையையும் உங்கள் வாள் எட்டும் தூரத்துக்குள் கொண்டுவந்தாக வேண்டும். காலை வாங்குங்கள், அதே கணத்தில் அவர் முன்கையில் வெட்டுங்கள். வாளால் காலைக் காக்கக் கீழே போனால் இரண்டையும் இழப்பீர்கள்.

## 9. தடுப்பு

தடுப்பு கடைசி வழி. முதலில் விலகல், முடியாதபோது தடுப்பு.

1. அலகின் கீழ்ப்பாதியால், கைப்பிடிக்குப் பக்கத்தில் தடுங்கள். முனையால் தடுத்தால் வாள் தள்ளப்பட்டு வெட்டு உள்ளே வரும்.
2. எதிராளியின் வாளைத் துரத்தாதீர்கள். உங்கள் உடம்பு அகலத்துக்கு வெளியே போகும் வாள் திரும்பி வர நேரமாகும்.
3. தடுத்த இடத்திலிருந்தே திருப்பி வெட்டுங்கள். "தடு, நிறுத்து, ஓங்கு, வெட்டு" என்று நான்கு அசைவாக்காமல் "தடு, வெட்டு" என்று இரண்டில் முடியுங்கள்.

கத்திச்சண்டைப் படங்களில் வாளும் வாளும் மோதிக்கொண்டே இருக்கும். அங்கே இருவரும் ஒருவர் வாளை ஒருவர் குறிவைக்கிறார்கள். இங்கே குறி உடம்பு. ஒரு நல்ல மோதல் இரண்டு மூன்று அசைவுக்குள் முடிந்துவிடும்.

## 10. ஜோடிப் பயிற்சி

வரிசை முக்கியம். முன்னது சரியாக வரும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

1. தூரம் காத்தல்: ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார், மற்றவர் ஓரெட்டுத் தூரம் மாறாமல் கூடவே நகர வேண்டும். வெட்டு கிடையாது.
2. சொல்லி வெட்டு: "வலத்தோள்" என்று சொல்லிவிட்டு அரை வேகத்தில் வெட்டுவது; மற்றவர் காலால் மட்டும் விலகுவது.
3. சொல்லாமல் வெட்டு: நான்கு வெட்டுகளில் ஏதாவது ஒன்று, அரை வேகத்தில். விலகலும் தடுப்பும் அனுமதி.
4. ஒற்றைத் தொடுதல்: முக்கால் வேகம். யார் முதலில் தொட்டாலும் நிறுத்தி, பிரிந்து, மீண்டும் தொடக்கம்.
5. முழு மோதல்: ஒரு நிமிடம். மூன்றாம் ஆள் ஒருவர் நடுவராக நின்றால் மட்டும்.

பட்டதா இல்லையா என்ற தகராறு வந்தால் பழைய சிலம்ப உத்தியைக் கையாளுங்கள்: அரிசி மாவை உலர்ந்தபடியே உறையில் தடவிக்கொண்டு, கறுப்புச் சட்டையோடு ஆடுங்கள். தடம் பொய் சொல்லாது. செராமிக் கடைகளில் கிடைக்கும் களிமண் பொடியையோ பூச்சுப் பொடியையோ இதற்கு எடுக்காதீர்கள். அவற்றின் நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு.

## 11. மோதல் விதிகள்

கீழே உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி எல்லோரும் படித்த பிறகு ஆடுங்கள்.

1. தலை, கழுத்து, பிறப்புறுப்பு, முதுகெலும்பு ஆகியவற்றுக்கு வெட்டும் இல்லை, குத்தும் இல்லை. தவறிப் பட்டாலும் ஆட்டம் உடனே நிற்கும்.
2. தோளிலிருந்து இடுப்புவரை உடலில் பட்டால் தோல்வி.
3. கையில் பட்டால் அந்தக் கை போயிற்று. காலில் பட்டால் அந்த முட்டியை ஊன்றி ஆட வேண்டும். இரண்டு உறுப்புகள் போனால் தோல்வி.
4. இருவருக்கும் ஒரே நேரத்தில் பட்டால் இருவருக்கும் தோல்வி.
5. பட்டதைப் பட்டவரே சொல்ல வேண்டும். வெட்டியவர் "பட்டது, பட்டது" என்று கத்தக் கூடாது.
6. "நிறுத்து!" என்று யார் சொன்னாலும், வழிப்போக்கர் சொன்னாலும், எல்லோரும் வாளைத் தாழ்த்த வேண்டும்.
7. தள்ளுதல், காலை வாரிவிடுதல், வாளைக் கையால் பிடித்தல் கிடையாது.

நான்காம் விதியைத் தளர்த்திவிடாதீர்கள். "நான்தான் கொஞ்சம் முன்னால்" என்ற வாதத்துக்கு இடம் கொடுத்தால், ஒரு மாதத்தில் இருவருமே பாதுகாப்பை மறந்து ஓடிப்போய் மோதப் பழகிவிடுவார்கள். இருவரும் தோற்பார்கள் என்று தெரிந்தால்தான் கால் வேலை செய்யும்.

## 12. வேறு ஆயுதக்காரர் எதிரே வந்தால்

வாளும் கேடயமும்: அவருக்கு உங்களிடம் நெருங்க வேண்டும்; உங்களுக்கு அவரை ஓரெட்டுத் தூரத்திலேயே வைக்க வேண்டும். கேடயத்தின் நடுவில் வெட்டிக்கொண்டிருக்காதீர்கள். மேல் விளிம்பைத் தாண்டித் தோளுக்கு ஒரு பொய்வெட்டு காட்டுங்கள். கேடயம் உயர்ந்ததும் தொடைக்கு நிஜவெட்டு. அவர் ஓடி வந்தால் நேர் பின்னே போகாமல் சாய்வு நடையில் விலகுங்கள். இருகை வாளின் பலமான இரண்டு வெட்டு விழுந்தால் கேடயம் உடைந்ததாகக் கொள்ளும் விதி டாகோர்ஹிரில் உண்டு. கேடயக்காரர் எப்போதும் ஜெயிக்கிறார் என்றால் உங்கள் குழுவும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நெடுங்கம்பு: நெற்றி உயரக் கம்பு உங்கள் வாளைவிட நீளம். தூரத்தில் நின்றால் அவருக்கு லாபம். கம்பின் குத்தை ஒருமுறை பக்கவாட்டில் தட்டி, கம்பை ஒட்டியபடியே கடப்பு நடையில் உள்ளே போய், அவர் முன்கையை வெட்டுங்கள். தயங்கிப் பாதிவழியில் நின்றால் அடுத்த குத்து வரும். கம்பு நுனிக்கும் அதே ஃபோம் கனம், அதே சோதனை கட்டாயம்.

இரட்டை வாள்: கைகளை வெட்டுங்கள். ஒரு கை போனதும் ஆட்டம் சமமாகிவிடும்.

## 13. அடிக்கடி வரும் பிழைகள்

| பிழை | காரணம் | திருத்தம் |
|---|---|---|
| வெட்டு கனமாக விழுகிறது | வலக்கை பலம் | இடக்கையால் இழுத்து ஐம்பது காற்றுவெட்டு |
| முன்காலில் அடிக்கடி படுகிறது | எடை முன்காலில் | எடையைச் சமமாக்கி, கால் வாங்கும் பயிற்சி |
| எப்போதும் இருவருக்கும் படுகிறது | வெட்டிய பின் நிற்பது | பின்வாங்காத வெட்டுக்குப் புள்ளி இல்லை என்று ஆடுங்கள் |
| விரலில் படுகிறது | கைகளை முன்னே நீட்டி நிற்பது | முழங்கையை விலாவுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள் |
| ஓங்கும்போதே எதிராளிக்குத் தெரிந்துவிடுகிறது | வெட்டுவதற்கு முன் பின்னால் இழுப்பது | தோள்நிலையிலிருந்து நேரே கிளம்புங்கள் |
| மூச்சு வாங்குகிறது | மூச்சை அடக்குவது | ஒவ்வொரு வெட்டுக்கும் வாய்விட்டு மூச்சை விடுங்கள் |

## 14. எட்டு வாரத் திட்டம்

வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். முதல் பத்து நிமிடம் உடல் சூடேற்றல்: மெல்லோட்டம், தோள் சுழற்றல், மணிக்கட்டு, கணுக்கால்.

- 1, 2: பிடி, நிலை, நான்கு நடை.
- 3: முதல் இரண்டு வெட்டு, தனியாக. தூரம் காத்தல், ஜோடியாக.
- 4: இடுப்பு வெட்டுகள். சொல்லி வெட்டு.
- 5: தடுப்பு. சொல்லாமல் வெட்டு.
- 6: குத்து, கழுத்துக்காப்போடு மட்டும். ஒற்றைத் தொடுதல்.
- 7: ஒற்றைத் தொடுதல், ஒவ்வொரு சுற்றுக்கும் ஆள் மாற்றி.
- 8: நடுவரோடு முழு மோதல்.

மணிக்கட்டு வலித்தால் ஒரு வாரம் நடை மட்டும் செய்யுங்கள். வாரத்தைத் தாண்டிக் குதிப்பதைவிட ஒரு வாரத்தை இரண்டு முறை செய்வது நல்லது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் ஆடக் கூடாது.

## 15. அடிபட்டால்

- வீக்கம், சுளுக்கு: ஆட்டத்தை நிறுத்தி, துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிடம்வரை வையுங்கள். உடனே உருவிவிடுவதோ சூடான ஒத்தடமோ வேண்டாம்.
- விரல் மடங்கவில்லை, அல்லது கோணலாக இருக்கிறது: இழுத்துச் சரிசெய்யாதீர்கள். இருக்கும் நிலையிலேயே அசையாமல் வைத்து எக்ஸ்ரே எடுங்கள்.
- தலையில் பலமான அடி: வலி இல்லாவிட்டாலும் அன்று ஆட்டம் முடிந்தது. வாந்தி, மயக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள்.
- கண்ணில் பட்டது: தேய்க்காமல், அழுத்தாமல், நேரே கண் மருத்துவரிடம்.

முதலுதவிப் பெட்டியும் வண்டியோடு ஒருவரும் மைதானத்தில் இல்லாத நாளில் நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## அடுத்து என்ன?

எட்டு வாரம் முடிந்ததும் ஆறு பேரைச் சேருங்கள். ஒவ்வொருவரும் மற்ற ஐவரோடும் ஒற்றைத் தொடுதல் ஆடினால் மொத்தம் பதினைந்து மோதல். ஒரு மாலையில் முடிந்துவிடும். வெற்றி தோல்வியோடு, இருவரும் சேர்ந்து தோற்ற மோதல்களையும் தனியாகக் குறித்துவையுங்கள். மாதாமாதம் அந்த எண்ணிக்கை குறைந்தால் குழு முன்னேறுகிறது. குறையாவிட்டால் புதிய வெட்டு எதையும் கற்காமல் ஆறாம் பகுதிக்குத் திரும்புங்கள்.

போட்டி மேடை வேண்டும் என்று தோன்றினால் சிலம்பம் பக்கத்திலேயே இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது செயல்விளக்கப் போட்டியாக இடம்பெற்றது. அங்கேயும் கேடயம் கிடையாது. கம்பு மாறும், விதி மாறும். இந்த எட்டு வாரத்தில் பழகிய கால் அப்படியே செல்லுபடியாகும்.